தடைக்காலத்து மாத்திரை

சென்ற மார்ச் மாதம், நான் பணி ஓய்வு பெற்ற மருத்துவமனைக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். பழைய பழக்கத்தில் கால்கள் தாமாகவே பிசியோதெரபி அறைக்குப் போய்விட்டன. சுவருக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். என் இடத்தில் இப்போது இருக்கும் ஷாலினி தேநீர் வரவழைத்தாள். பேச்சு முதுகெலும்பு அழற்சிக்கு இப்போது கிடைக்கும் ஊசிகளின் பக்கம் திரும்பியது.

"எங்களுக்கு ஊசி இருக்கு சார். உங்க காலத்துல இங்க வெறும் மாத்திரையும் எக்சர்சைஸும்தானே? அத வெச்சுக்கிட்டு கூனை எப்படி நிறுத்தினீங்க?"

"எல்லாருக்கும் நிக்கல" என்றேன்.

"நின்னவங்க ஒருத்தரப் பத்தி சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நோயாளிகள் வந்துவிட்டார்கள். மீதியை எழுதித் தருவதாகச் சொன்னேன். தொடர்ச்சி விடாமல் இருக்க முதலிலிருந்தே எழுதியிருக்கிறேன்.

எனக்கு எதையும் காலத்தோடு முடிச்சுப் போட்டு நினைவு வைக்கும் வழக்கம் உண்டு. மெட்ரோ வண்ணாரப்பேட்டைக்கு வந்தது, பிறகு விம்கோ நகர் வரை நீண்டது, மழை எந்தத் தெருவில் எதுவரை ஏறியது என்று வீட்டில் குறித்து வைத்துக்கொண்டிருப்பேன். வரலாறு படிக்கும் ஆசையில் வந்த பழக்கம். மருத்துவத்துக்கு அது உதவும் என்று நினைத்ததில்லை. நோயாளியின் வலிக்கும் ஒரு நாட்காட்டி இருக்கலாம் என்பதை எல்லப்பன்தான் எனக்குக் காட்டினார்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், மூட்டுகளுக்கு ஒத்தடம் கொடுக்கும் மெழுகுத் தொட்டியில் விரல்களைச் சுட்டுக்கொண்டேன், அரசு வேலை கிடைத்தது. டோல்கேட் பக்கத்துக் குடோன்களில் மூட்டை தூக்கியவர்கள், திருவொற்றியூர்ப் பட்டறைகளில் இரும்பு வளைத்தவர்கள், காசிமேட்டில் ஐஸ் பெட்டி இழுத்தவர்கள் கொண்டுவந்து காட்டிய முதுகுகளில்தான் நான் தொழில் கற்றேன். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சில நாள் சுமை தூக்காமல் இருந்தால் வலி குறையும். ஆனால் இந்தக் கூட்டத்துக்குள் வேறொரு முதுகுவலி ஒளிந்துகொண்டு வரும். அது ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும். முதுகெலும்பின் மூட்டுகளில் அழற்சி உண்டாகி, ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று இறுகி, கடைசியில் முதுகே ஒரே கழியாகிவிடும். அப்படி இறுகும்போது ஆள் எப்படி நின்றிருந்தாரோ அப்படியே நின்றுபோவார். குனிந்தே இருந்தவர் குனிந்தபடி இறுகுவார். கூன் என்றாலே முதுமை என்று நினைத்துப் பழகிவிட்டோம். இந்தக் கூன் இருபது வயதில் வேலையைத் தொடங்கும்.

அதைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பதில் எங்கள் டாக்டர் மெஹருன்னிசா கெட்டிக்காரர். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். குரலை உயர்த்தவே மாட்டார். எங்கே வலிக்கிறது என்றும் கேட்க மாட்டார்.

"காலைல கண்ணு முழிச்சதும் என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணுக்குப் போவேன் டாக்டரம்மா."

"அதுக்கு எழுந்திரிக்கணுமே. எப்படி எழுந்திரிப்பீங்க? இந்தக் கட்டில்ல படுத்து, எழுந்து காட்டுங்க."

மூட்டை தூக்கி முதுகு பிடித்தவர் "அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவார். மற்றவர் மரக்கட்டை மாதிரி முழு உடம்பையும் பக்கவாட்டில் உருட்டி, கையை ஊன்றி எழுவார். அவரை டாக்டர் சுவரோரம் நிற்க வைப்பார். குதிகால், இடுப்பு, தோள், பின்தலை எல்லாம் சுவரைத் தொட வேண்டும். முகவாயைத் தூக்கி ஏமாற்றக் கூடாது. எங்கள் சுவரில் பலர் தலை பட்டுப் பட்டு எண்ணெய்க் கறை ஒன்று படிந்திருந்தது. கூன் விழுந்தவரின் தலை அந்தக் கறையைத் தொடாது. இடைவெளியில் டாக்டர் தன் கையை நுழைத்துப் பார்ப்பார். பிறகு நான் அளவுகோல் வைப்பேன்.

அடுத்து, நோயாளி கொண்டுவந்த மாத்திரைகளை எல்லாம் மேசைமேல் கொட்டச் சொல்வார். மருந்துக்கடையில் ஒரு வேளைக்கென்று நிறத்துக்கு ஒன்றாகக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் 'செட்' மாத்திரைகள்தான் பெரும்பாலும் இருக்கும்.

"இது எதுக்கு?"

"தெர்ல. போட்டா வலி பூடும்."

அவற்றை அப்படியே குப்பைக் கூடையில் தள்ளுவார். ஆள் ஏக்கத்தோடு கூடையையே பார்ப்பார். டாக்டர் அழற்சிக்கு ஒரே ஒரு மருந்து எழுதுவார். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். அதன்மேல் வேறு வலி மாத்திரை கூடாது. மலம் கறுத்தாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். சிறுநீரகத்துக்காக அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. கடைசியில் ஒன்று சொல்வார். எல்லோரிடமும் அதே சொற்கள்: "இந்த மாத்திரை கூனை நிமிர்த்தாது. உள்ள இருக்கிற அழற்சியை அடக்கும். அது அடங்கியிருக்கிற நேரத்துல நீங்க நிமிரணும்."

எல்லப்பன் எங்களிடம் வந்தது மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட ஆண்டின் மழைக்காலத்தில். காசிமேட்டில் ஒரு விசைப்படகின் டிரைவர். முப்பதைத் தாண்டியவர். அறைக்குள் வந்து என் எதிரில் நின்று, என் காலைப் பார்த்தபடி பேசினார்.

"செருப்பு புச்சா சார்?"

"ஏன்?"

"இப்பல்லாம் ஆள மூஞ்ச வெச்சுப் பாக்கறதில்ல. செருப்ப வெச்சுத்தான். உன் மூஞ்ச பாக்கணும்னா..." என்று முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்து, ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ம்... செருப்பே தேவலாம்" என்று சிரித்தார்.

சிரிப்புக்குப் பின்னால் பயம் இருந்தது. படகு ஓட்டுகிறவன் தொலைவைப் பார்க்க வேண்டும். துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். குறுக்கே பிறரின் படகும் வலையும் வரும். தலை தொங்கினால் தெரிவது படகைத் திருப்பும் சக்கரமும் தளத்துப் பலகையும்தான். பதினெட்டு வயதில் தளத்தில் வலை இழுக்கத் தொடங்கி, அந்தச் சக்கரத்தைப் பிடிக்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எக்ஸ்ரேயில் இடுப்பின் இரண்டு பக்க மூட்டுகளும் மங்கியிருந்தன. முதுகில் சில இடங்கள் இறுகத் தொடங்கியிருந்தன. மற்றவை இன்னும் இறுகவில்லை. அந்த மற்றவைக்காகத்தான் எங்கள் வேலை. மாத்திரை தொடங்கியது. நான் பயிற்சிகள் கற்றுக் கொடுத்தேன்: குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது, சுவரில் சாய்ந்து தலையைப் பின்னுக்குத் தள்ளுவது, மூச்சை இழுத்து விலாவை விரிப்பது. பொங்கலுக்குப் பிறகு வந்தபோது அவர் தலை சுவரை நோக்கிக் கணிசமாக நகர்ந்திருந்தது. டாக்டர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் அப்படிச் செய்வது அபூர்வம்.

ஜூன் மாதக் கடைசியில் எல்லப்பன் மறுபடி என் செருப்பைப் பார்த்தபடி வந்தார். முன்பைவிடக் குனிந்திருந்தார்.

டாக்டர் மருந்தை மாற்றினார். மழைக்காலத்தில் முன்னேற்றம். தையில் இன்னும் கொஞ்சம். அடுத்த ஜூனில் மறுபடி சரிவு. இரண்டு ஆண்டும் ஒரே பருவத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதை வடசென்னையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. விசைப்படகுகள் கரையில் நிற்கும். அடிப்பகுதியைச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் அப்போதுதான். நாள் முழுதும் குனிந்து வலை பின்னுவதால்தான் இப்படி ஆகிறது என்று டாக்டர் முதல் ஆண்டே கணித்து, அடுத்த தடைக்காலத்தில் வலையைத் தொடாமல் வீட்டில் இருக்கும்படி சொல்லியிருந்தார். எல்லப்பனும் அப்படியே இருந்தார். அதற்குப் பிறகுதான் முதுகு இன்னும் மோசமாக வந்தது.

ஊசிக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்ற பேச்சு வந்தது. டாக்டர் தயங்கினார். "மருந்து தோத்துடுச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, மருந்து நிஜமாவே உள்ள போச்சான்னு தெரியணும் ரத்தினம்" என்றார். எல்லப்பனிடம் கேட்டதற்கு, "சத்தியமா போடறேன் டாக்டரம்மா, ஒரு நாள் வுடறதில்ல" என்றார். பொய் சொல்லும் முகமாக இல்லை.

அதற்குள் படகின் முதலாளி துரைசாமி முடிவெடுத்துவிட்டார். கெட்டவர் அல்ல. ஏழு பேர் உயிர் படகில் இருக்கிறதே என்பது அவர் நியாயம். "இந்த சீசன் தளத்துல வேல பாரு. அடுத்த தடைக்காலம் முடியறப்ப வெள்ளோட்டத்துல உன்னப் பாக்குறேன். தல நிமிந்துதுன்னா சக்கரம் உனக்கு. இல்லாங்காட்டி வேற ஆளுக்கு" என்று சொல்லிவிட்டார்.

இதைச் சொல்ல எல்லப்பன் வந்த அன்று முதன்முறையாக அவர் மனைவி கஸ்தூரியும் வந்திருந்தார். காசிமேட்டில் மீன் வாங்கித் தண்டையார்பேட்டையில் விற்பவர். கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, இந்தாளு மாத்திர ஒயுங்கா போடறேன்னு சொல்லுதா?"

"ஒரு நாள்கூட விடறதில்லன்னு சொன்னாரே."

"கடலுக்குப் போற நாள்ல வுடறதில்ல. போட்டுல டீசலு, ஐஸு, அரிசி ஏத்தற மாதிரி அத்தயும் ஏத்திகினு போவும். போட்டு கரைல நின்னா அத்தோட சரி. மாத்திர டப்பா சக்கரத்தாண்ட பெட்டில கீது. பெட்டிக்குப் பூட்டு. சாவி மொதலாளிகிட்ட."

எல்லப்பனுக்கு இது ஏன் புகாராகிறது என்றே புரியவில்லை. "வேலைக்குப் போனாத்தான வலி மாத்திர? வூட்ல குந்திகினு கீறவனுக்கு இன்னாத்துக்கு? வெட்டியா முய்ங்கினா வயிறுதான் பேஜாராவும். வேல நாளுக்கு வெச்சிக்கலாம்ல?"

"வேல இல்லாத நாள்ல காலைல எந்திரிக்கறதுக்கு ஆள் புடிச்சி தூக்கணும் டாக்டரம்மா. பாயில கெடந்து மொனகும். இன்னாய்யான்னு கேட்டா, 'கடல் எறங்குனா சரியாப் பூடும்'ன்னுது. கடல் என்னமோ இதுக்கு மாமியா வூடு மாதிரி."

"உன் அம்மா வூட்டுக்கு கடலு எவ்ளவோ தேவலாம்டி."

"அப்ப அங்கயே இரு. யாரு வேணான்னது?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

யோசித்துப் பார்த்தால் எல்லப்பன் செய்தது முட்டாள்தனம் அல்ல. அவர் அறிந்த முதுகுகள் எல்லாம் வேலையில் வலித்து ஓய்வில் ஆறியவை. வலி மாத்திரை என்பது வேலைக்கான சாமான், டீசலைப் போல. படகு நின்றால் டீசல் ஊற்றுவார்களா? ஆனால் அவருடைய முதுகோ நேர் எதிரானது. கடலில் உடம்பு அசைந்துகொண்டே இருந்தது, மாத்திரையும் இருந்தது. கரையில் இரண்டுமே இல்லை. எங்கள் யோசனைப்படி வலையையும் விட்டு வீட்டில் படுத்திருந்த கோடையில், அழற்சிக்கு எதிராக நிற்க ஒன்றுகூட மிச்சமில்லை.

"எல்லப்பன்," என்றார் டாக்டர், "ஓய்வெடுங்கன்னு நான் சொன்னது தப்பாப் போச்சு. உங்க உடம்புக்குள்ள இருக்கிற நோய்க்கு லீவு கிடையாது. நீங்க சும்மா உக்காந்திருக்கிறப்பதான் அதுக்கு நல்ல வேட்டை. வர்ற தடைக்காலம் முழுக்க, உங்களுக்கு ஒத்துக்கிற வரைக்கும், இந்த மாத்திரை தினமும். இடையில ரத்தம் டெஸ்ட். பயிற்சி ரெண்டு வேளை."

"வேல இல்லாதப்பவா?"

"வேலை இல்லாதப்பதான்."

"டப்பா எங்கைல இருக்கட்டும் டாக்டரம்மா" என்றார் கஸ்தூரி.

அந்த சீசனைத் தளத்தில் கழித்தார் எல்லப்பன். மிக்ஜாம் புயலில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு கஸ்தூரிதான் மாத்திரை வாங்க வந்தார். டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தபோது இந்த முதுகு பிழைத்துக்கொள்ளும் என்று முதன்முதலாக நம்பினேன்.

ஏப்ரல் வந்தது. தடை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டுக்குப் போனேன். கரையேற்றிய படகுகளுக்கு நடுவே, வலைக் குவியலின்மேல் எல்லப்பன் குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, நெஞ்சை உயர்த்தி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"இன்னா மாமு, மொதல கணக்கா கீற? யாரையாவது கடிச்சிடப் போற."

"உன்ன கடிச்சா எனக்குத்தான் வெசம் ஏறும், போ."

"நேத்து பாத்தியா நைனா, தண்ணில நீஞ்சிகினு இருந்தான். இன்னாடான்னா, எக்சர்சைஸாம். மீன் புடிக்கிறவன் எவனாவது எக்சர்சைஸுன்னு நீஞ்சுவானா? மீனே சிரிக்குது."

எழுந்து தூசி தட்டிவிட்டு எல்லப்பன் தன் வலையிடம் போனார். அங்கே பார்த்ததை நான் யாருக்கும் கற்றுக் கொடுத்ததில்லை. எல்லோரும் உட்கார்ந்து மடியில் போட்டுப் பின்னும் வலையை, அவர் படகின் கம்பத்திலிருந்து ஒரு கயிறு கட்டி, தன் நெற்றிக்கும் மேலே தொங்கவிட்டிருந்தார். கண்ணி பின்ன வேண்டுமானால் நின்றபடி மேலே பார்த்துத்தான் ஆக வேண்டும்.

"வலைய வுடுன்னு ஒரு வருசம் சொன்னீங்க. வுட்டேன், ஒடம்பு பூட்டுது. அதான் வலைய மேல ஏத்திட்டேன்."

கூடையோடு வந்த கஸ்தூரி சாப்பாட்டைத் திறந்தார். சோறும் குழம்பும் தீரும் வரை காத்திருந்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டினார். "எனக்கும் ஒண்ணு குடு. முதுகு வுட்டுப் போச்சு."

"உனுக்கு மூட்ட தூக்கின முதுகு, ரெண்டு நாள் கம்முனு படு. இது இந்தாளு ரத்தத்தப் பாத்துக் குட்துது. உனுக்கு இன்னா ரத்தம் ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்?"

நான் வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

தடை முடிவதற்கு முன்பாக, பழுது பார்த்த படகைத் தண்ணீரில் இறக்கி வெள்ளோட்டம் பார்ப்பார்கள். துரைசாமி என்னையும் ஏறச் சொன்னார். மாலை நேரம். கற்பூரம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, இயந்திரத்தை உயிர்ப்பித்தார்கள். எல்லப்பன் சக்கரத்தைப் பிடித்தார். முதலாளி அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கரையில் கஸ்தூரி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தார்.

சில நாட்கள் முன்பு எங்கள் சுவரில் அளந்தபோது, முந்தைய ஜூனில் டாக்டரின் கை முழுதாக நுழைந்த இடைவெளியில் இரண்டு விரல்கள்தான் நுழைந்தன. தலை கறையைத் தொடவில்லை. இனித் தொடவும் தொடாது என்று எனக்குத் தெரியும். இறுகிப்போன இடங்கள் இறுகியவைதான். கேள்வி, மிச்சமிருப்பது போதுமா என்பது.

துறைமுக வாயைத் தாண்டினோம். எதிரே கப்பல்கள் வரிசையாக நின்றன.

"மின்ன நிக்குதே சேப்பு கப்பலு, அதுக்கு அந்தாண்ட இன்னா கீது?" என்றார் முதலாளி.

எல்லப்பன் குதிகாலை ஊன்றினார். தோள்கள் பின்னால் போயின. முகவாய் மெதுவாக உயர்ந்தது.

"இன்னொரு கப்பலு. நீலம். அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன பைபர் போட்டு. நம்ம குப்பத்து போட்டுதான். கொடி கட்டிகினு கீறான். துணி காய வெச்ச மாதிரி பறக்குது."

முதலாளி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எனுக்கு போட்டே தெர்ல, இவன் கொடிய சொல்றான்" என்றார். பிறகு பெட்டியின் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துச் சக்கரத்தின் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

எல்லப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை.

அந்த ஆண்டின் இறுதியில் நான் ஓய்வு பெற்றேன். டாக்டர் மெஹருன்னிசா இப்போதும் வாரத்தில் சில நாட்கள் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் பார்க்கிறார். நோயாளிகளிடம் கடைசியாகச் சொல்லும் சொற்களோடு இப்போது ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறதாம்: "வேலை இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?" ஷாலினி, உங்கள் ஊசிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களும், மாத்திரை மட்டும் போதாதவர்களும் எத்தனையோ பேர். அவர்களுக்கு இப்படி ஒன்று நம் மருத்துவமனையிலேயே கிடைக்கக் கூடாதா என்று நாங்கள் ஏங்கியதுண்டு. ஊசி போட்டாலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இந்த ஏப்ரலிலும் தடை தொடங்கிய காலை காசிமேட்டுக்குப் போயிருந்தேன். எல்லப்பன் சக்கரத்திலிருந்து இறங்கி, கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். முதுகில் அந்த வளைவு இருக்கிறது. தெரியாதவர்கள் கவனிக்க மாட்டார்கள். ஆட்கள் ஐஸ் பெட்டிகளை இறக்கத் தயாராக நின்றார்கள். அடுப்பு, பானைகள், மிச்ச அரிசி, டீசல் கேன்கள் எல்லாம் இறங்க வேண்டும்.

"அப்பால போங்கப்பா, வழி வுடு" என்று கஸ்தூரி எல்லோரையும் விலக்கிக்கொண்டு படகில் ஏறினார். பெட்டியைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தார். குலுக்கிப் பார்த்து, மடியில் செருகிக்கொண்டு இறங்கினார்.

"ம், இப்ப எறக்குங்க" என்றார்.